அண்டாவில் இரும்பெடுத்த கதை

ஓணாம்பாளையத்துக்காரர்களுக்குத் தங்கள் புத்தியைப் பற்றி எந்தப் பிரமையும் கிடையாது. கோயில் விருந்துக்கு எவர்சில்வர் அண்டா வாங்கக் கிளம்பிய நஞ்சப்பன், செங்கோடனையும் பொங்கியண்ணனையும் கூட்டிக்கொண்டார்.

"தனியாப் போனா நான் ஏமாந்துருவேன். மூணு பேராப் போனா, ஏமாந்தது யாருன்னு தெரியாது பாருங்க."

ஈரோட்டுக் கடைக்காரர் ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற அண்டா ஒன்றைக் காட்டி, அதன்மேல் காந்தத்தை வைத்தார். ஒட்டாமல் வழுக்கி விழுந்தது.

"அசல் சரக்குங்க. நூறு பங்குல பதினெட்டு குரோமியம், எட்டு நிக்கல். துருவே பிடிக்காது."

நஞ்சப்பன் விரல் விட்டுக் கூட்டினார். இருபத்தாறுதான் வந்தது.

"மீதிங்க?"

"மீதியில முக்காலே மூணு வீசம் இரும்புதானுங்க."

மூவர் முகமும் சுண்டிவிட்டது. ஆனால் மூன்றாம் நாள் விருந்து. அண்டாவை வாங்கினார்கள், காந்தத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஊருக்கு வந்ததும் யோசனை நடந்தது.

"இரும்புன்னா துருப்பிடிக்குமே" என்றார் செங்கோடன்.

"பிடிக்கறதுக்குள்ள எடுத்துருவோம்" என்றார் பொங்கியண்ணன்.

ஒரு பகல் முழுக்கக் காந்தத்தால் தேய்த்தார்கள். பொட்டு இரும்பு வரவில்லை.

"உள்ள தூங்குது. எழுப்பணும்" என்று நஞ்சப்பன் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டார். நசுங்கிய இடத்தில் காந்தம் லேசாக ஒட்டியது. இந்த எவர்சில்வரை அடித்து நசுக்கினால் அப்படி ஒட்டுவதுண்டு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அங்கே அப்படி யாரும் இல்லை.

"வருது" என்றார் நஞ்சப்பன். தான் நினைத்த ஒரு காரியம் நடந்தேவிட்டதே என்று அவருக்குக் கண் கலங்கியது.

மூவரும் முறை வைத்து அடித்தார்கள். அடிக்க அடிக்க அண்டா இறுகியது.

"முரண்டு பண்ணுதுங்க" என்றார் செங்கோடன்.

"நம்ம ஊர்ல வந்து சேர்ந்துருச்சில்ல" என்றார் நஞ்சப்பன்.

விருந்தன்று காலை அண்டா கதவுப் பலகை மாதிரித் தட்டையாகக் கிடந்தது. எங்கே வைத்தாலும் காந்தம் ஒட்டியது.

சமையல் மாஸ்டர் கரண்டியோடு வந்தார். "அண்டா எங்கீங்க?"

"இதுதானுங்க. இரும்பு பூராவும் மேல வந்துருச்சு. தொடைச்சு எடுக்கறதுதான் பாக்கி."

மாஸ்டர் அதைச் சுற்றி வந்தார். "இதுல எப்படிங்க சாம்பார் வைக்கறது?"

மூவரும் தள்ளிப்போய் வெகுநேரம் பேசினார்கள். திரும்பி வந்த நஞ்சப்பன் கைகட்டி நின்றார்.

"தப்பு எங்க மேலதான், எங்களுக்கு அவ்வளவுதான் புத்தி. நீங்கதான் அனுசரிச்சுப் போகணும் மாஸ்டர். சாம்பாரைக் கொஞ்சம் கெட்டியா வைங்க."