கோத்தகிரிக்குக் கம்பளி வேண்டாம்

நாச்சிமுத்து வாத்தியாருக்குப் பல்லு தந்தியடிச்சுது. வாய் மட்டும் ஓயலை. கல்யாண வேன் கோத்தகிரி ஏத்தத்துல பனிமூட்டத்துக்குள்ள ஊர்ந்துக்கிட்டிருந்தது. வண்டியில ஒருத்தர்கிட்டயும் ஸ்வெட்டர் கிடையாது. "நுண்கணிதம் போட்டுப் பாத்துட்டேன், மேலயும் நல்ல வெக்கைதான், அந்தக் கம்பளி மூட்டைய எறக்குங்க"ன்னு மேட்டுப்பாளையத்துல உத்தரவு போட்டதே அவருதான்.

மிச்சம் ஒரே ஒரு போர்வை. அது அவரு சம்சாரம் சிவகாமி மடியில இருந்தது. "கணக்கு தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பாதியத் தர்றேன்"னு அந்தம்மா கறாராச் சொல்லிருச்சு. மத்த எதை வேணா சொல்லுவாரு, அதை எப்படிச் சொல்லுவாரு?

"ஏனுங் மச்சான், மேல போனா குளிரும்னு ஆட்டுக்குட்டிக்கே தெரியுமே?" மச்சினன் குப்புராசு கேட்டான்.

"கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி கொறையும், அது ஊரான் கணக்கு. நான் மலைய முடி கனத்துக்குச் சீவிச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் எவ்வளவு கொறையுதுன்னு பாத்துக் கூட்டுவேன். போன வருசம் பிளேன்ல சும்மா வெரல்ல போட்டேன். பைலட்டு எந்திரிச்சு வந்து, 'ஐயா, எங்க மீட்டரைத் திருத்திக் குடுங்க'ன்னு நின்னாரு."

"அப்ப பிளேன யாரு ஓட்டுனது?"

"நாந்தான், எடது கையில." அந்தக் கையத்தான் இப்ப கக்கத்துல சொருகியிருந்தாரு.

"நம்பமாட்டீங்க. ஒருக்கா அவசரத்துல கழித்தலுக்குப் பதிலாக் கூட்டல் போட்டுட்டேன். அன்னிக்கு தொட்டபெட்டா உச்சியில ஃபேன் போட்டுப் படுத்தாங்க. தேயிலை செடியிலயே வறுபட்டுத் தூளாயிருச்சு. பொம்பளைங்க சல்லடையோட போனாங்க."

"டீக்குத் தண்ணி?"

"ஊத்துலயே கொதிச்சுது. பாலுக்குத்தான் திண்டாட்டம். எருமையக் கறந்தா பால்கோவாதான் வந்துச்சு."

வண்டியே சிரிச்சுது. ஜெயிச்சுட்டோம்னு அவரு ஓரக்கண்ணால போர்வையப் பாத்தாரு. சிவகாமி சிரிக்கலை.

"சீவுனதெல்லாம் இருக்கட்டும். கூட்டுறதுக்கு முன்னாடி, கீழ எத்தனை டிகிரின்னு வச்சீங்க?"

"அறுபத்து மூணு. நானே தெர்மாமீட்டர் வச்சு அளந்தேனாக்கும்."

"எங்க வச்சு?"

"நம்ம வீட்டு அடுப்படியில. நீ கல்யாணத்துக்கு முறுக்கு சுட்டுக்கிட்டிருந்தியே, அந்தச் சட்டிக்குப் பக்கத்துல."

சிவகாமி போர்வைய உதறி விரிச்சுது.

"குப்புராசு, இந்தப் பாதிய நீ போத்திக்கடா. உன் மச்சான் அடுப்புப் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு."