நின்றுபோன முகம்

துணை மின்நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சவரிமுத்து. மகளோடு முகம் பார்த்துப் பேசலாம் என்று கம்ப்யூட்டர் கற்க வந்தார். நூலகத்தில் கற்றுக்கொடுத்த மெஹருன்னிசா டீச்சர், அவருடைய மகளைவிட இரண்டு வயது சின்னவர்.

இரண்டு நாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. செல்போனையும் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தார். மூன்றாம் நாள் காலை டீச்சரே வீட்டுக்குப் போனார்.

கதவு சாத்தாமல் கிடந்தது. சவரிமுத்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாதி தின்ற பன். திரையில் ஒரு பெண்ணின் முகம், சிரித்தபடி, அசையாமல்.

"யாரு சார் இது?"

"என் பொண்ணு ரெஜினா. அயர்லாந்துல நர்ஸ். முந்தாநாள் பேசிட்டு இருக்கும்போதே இப்படி நின்னுபோச்சு."

"அப்போலேர்ந்து இப்படியேவா வெச்சிருக்கீங்க?"

"அவ அம்மா போய் ஒரு வருஷம் ஆச்சு டீச்சர். அடக்கத்துக்கு வர அவளுக்கு லீவு கிடைக்கல. அதுக்கப்புறம் முந்தாநாள்தான் சிரிச்சா."

டீச்சர் மவுஸை நகர்த்தினார். அம்புக்குறி நகர்ந்தது. முகம் நகரவில்லை.

"இந்தப் படம் போகாம மிஷினை மறுபடி ஓடவைக்க முடியுமா?"

"முடியாது சார். ரீஸ்டார்ட் பண்ணா இது போயிடும்."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்."

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து தன் போனை எடுத்து எதையோ தட்டினார். போனில் ரிங் போகும் சத்தம் கேட்டது. விடாமல் போனது.

"யாரைக் கூப்பிடுறீங்க?"

"உங்களைத்தான் சார். இந்தக் கம்ப்யூட்டரைத்தான்."

மேசையின் மேலிருந்த கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் இருந்தது. திரையில் ரெஜினா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க மணி அடிக்கலையே."

"ஆமா சார்."

ரிங் தானாக ஓய்ந்தது. "அப்ப அவ கூப்பிட்டிருந்தா?" என்றார் சவரிமுத்து. சட்டென்று எழுந்து, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினார். டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க சப்ஸ்டேஷன்ல கரண்டு லோடு ஓடும்போது லைனைப் பிரிப்பீங்களா சார்?"

அவர் கை தளர்ந்தது. "மாட்டேன். முதல்ல லோடை இறக்கணும். எல்லாம் நின்னுச்சான்னு பார்க்கணும். அப்புறம்தான் பிரிக்கணும்."

"இங்கயும் அப்படித்தான். வேற என்ன திறந்து வெச்சிருக்கீங்க?"

ரெஜினாவின் படத்துக்குப் பின்னால் திரையில் இன்னொரு ஜன்னல் திறந்திருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, ரெஜினாவிடம் பேச வேண்டியதை அதில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். சாப்பிட்டாயா என்பது முதல் வரி. கல்லறைக்குச் சிலுவை வைத்தாயிற்று என்பது ஏழாவது. அதற்குமேல் படிக்காமல் டீச்சர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"இதைச் சேமிச்சு மூடுங்க."

சேமித்தார். மூடினார்.

"இப்ப கீபோர்டுல இந்த மூணு பட்டனையும் ஒண்ணா அழுத்துங்க. கீழ மூலையில பவர் குறி வரும். அதுல ரீஸ்டார்ட்."

மூன்று பட்டனையும் அழுத்தினார். பவர் குறி வந்தது. அதைக் கிளிக் செய்ததும் ரீஸ்டார்ட் என்ற சொல் எழுந்தது. விரல் மவுஸின் மேலேயே நின்றது.

"நீங்க அழுத்துங்களேன் டீச்சர்."

"நீங்கதான் சார் அழுத்தணும்."

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். திரை கருத்தது. அந்தக் கருப்பில் அவருடைய முகம் மட்டும் தெரிந்தது. இரண்டு நாள் தாடியோடு இருந்தது. அதை அவர் பார்க்க விரும்பாமல் குனிந்துகொண்டார்.

"வெளிச்சம் வரலையே."

"வரும் சார். நடுவுல எதையும் தொடாதீங்க."

வந்தது. சிறிது நேரம் கழித்து, ஓரத்தில் ஒரு சிவப்பு வட்டம் முளைத்தது. டீச்சர் அதைத் திறந்து காட்டினார். எடுக்காத அழைப்புகள் பதினேழு. கடைசி ஒன்று டீச்சருடையது. மற்ற பதினாறும் ரெஜினா.

சவரிமுத்து ஒவ்வொன்றின் நேரத்தையும் விரல் வைத்துப் படித்தார். 

"நான் இந்த நாற்காலியை விட்டு அசையவே இல்லையே டீச்சர். ரெண்டு நாளும் அவளையேதானே பார்த்துட்டு இருந்தேன்?"

டீச்சர் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க பார்த்தது அந்த முகத்தை சார். கூப்பிட்டது ரெஜினா."