முகம் வரையாத சீட்டு

ஒரு கண்ணைக் கதைமேலும் ஒரு கண்ணை மேசைமேலும் வைத்துக்கொண்டு படியுங்கள். விடை மேசைமேலேயேதான் கிடக்கிறது.

பூங்கோதைக்கு அன்று காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. இரண்டு வருடமாக அவள் மாற்றி மாற்றி உருவாக்கிய ‘கற்றளி’ என்ற பலகை ஆட்டம் மறுநாள் அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சீட்டில் மட்டும் படம் பாக்கி. தலைமைச் சிற்பியின் உடம்பு, உளி எல்லாம் வரைந்தாயிற்று, முகம் இல்லை.

“விளையாடிப் பார்த்து ஆளுக்கொரு கருத்துச் சொல்லுங்க. யார் சொல்றது ஆட்டத்தோட குறையைச் சரியாகக் காட்டுதோ, அவங்க முகம்தான் இந்தச் சிற்பிக்கு!” என்று அவள் வாக்குக் கொடுத்தாள். அவள் அண்ணி ரஞ்சிதம், கீழ் வீட்டு பெஞ்சமின் சார், தோழி நசீமா மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஆட்டம் நடப்பது சோழர் காலத்தில். ஒவ்வொருவரும் ஒரு கற்றளி, அதாவது கற்கோயில், கட்ட வேண்டும். ஆளுக்கு இரண்டு மரப் பொம்மைகள்; அவைதான் வேலையாட்கள். முறை வரும்போது பொம்மையை ஓரிடத்தில் நிறுத்தினால் அந்த இடத்தின் பலன் கிடைக்கும். ஒருவர் நிற்கும் இடத்தில் அந்தச் சுற்று முடியும்வரை வேறு யாரும் நிற்க முடியாது. பரிசல் துறையில் நின்றால் மூன்று கல். ஆற்றைச் சுற்றி நடந்தால் ஒரே கல்; அந்த வழியில் மட்டும் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். சந்தையில் நெல், பட்டறையில் உளி. மூலையில் முரசு மேடை என்று ஓர் இடம் உண்டு. அங்கே கல்லும் இல்லை, நெல்லும் இல்லை. அடுத்த சுற்றைத் தொடங்கும் உரிமை மட்டும் கிடைக்கும். முரசுக்கு யாரும் போகாவிட்டால் போன சுற்றைத் தொடங்கியவரே மறுபடியும் தொடங்குவார்.

சோழி குலுக்கியதில் ரஞ்சிதம் முதல், பெஞ்சமின் சார் அடுத்து, நசீமா கடைசி.

“பரிசல் எனக்கு!” ரஞ்சிதம் பொம்மையை டொக்கென்று வைத்தாள். அடுத்த சுற்றிலும் டொக். அதற்கடுத்ததிலும் டொக்.

“ஏம்மா, அந்தப் பரிசலைப் பட்டா போட்டு வாங்கிட்டீங்களா?” என்றார் பெஞ்சமின் சார்.

“நீங்க நடந்தே வாங்க சார், உடம்புக்கு நல்லது!”

நசீமா சிரித்தபடி எழுந்தாள். “நான் டீ போட்டுட்டு வர்றேன். என் பொம்மையை நடக்குற வழியில நிறுத்திடு பூங்கோதை.” அவள் திரும்பி வந்தபோது பலகை அவள் எதிர்பார்த்தபடியே இருந்தது.

கோபுரங்கள் எழும்பின. பூங்கோதை நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். கடைசிச் சுற்றில் ரஞ்சிதம் கலசத்தை வைத்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினாள். முரசு மேடையில் பெஞ்சமின் சாரின் மூக்குக் கண்ணாடிக் கூடு கிடந்தது. அதை எடுக்கச் சொல்லி ஆட்டம் முடியும்வரை யாரும் கேட்கவில்லை.

“இப்போ சொல்லுங்க” என்றாள் பூங்கோதை.

“பிரமாதம்! அப்படியே அச்சுக்கு அனுப்பு” என்றாள் ரஞ்சிதம். “அந்த முரசு மட்டும் தண்டம். யாருமே போகல பாரு. எடுத்துடு.”

“பரிசலுக்குப் பலம் ஜாஸ்தி. பிடிச்சவங்க ஜெயிச்சுடறாங்க” என்றார் பெஞ்சமின் சார். “ஒரே சமயத்துல ரெண்டு பேர் நிக்கலாம்னு விதியை மாத்தும்மா.”

நசீமா டம்ளரைச் சுழற்றினாள். “எதை மாத்தணும்னு எனக்குத் தெரியல. ஆனா டீ போடப் போனப்போ நான் எதையும் இழக்கல. என் முறைக்கு என்ன மிஞ்சும்னு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. எல்லாச் சுத்தும் ஒரே சுத்து மாதிரி இருந்துச்சு.”

பூங்கோதை பென்சிலை எடுத்தாள். மூவரில் யார் குறையைச் சரியாகக் காட்டியவர்? சிற்பிக்கு யார் முகம்?

விடை: நசீமாவின் முகம். முரசை எடுத்துவிட்டால் முதல் ஆள் என்றைக்கும் முதல் ஆள்தான். பரிசலில் இருவர் நின்றாலும் மூன்றாவதாக வரும் நசீமா நடந்தே போக வேண்டும். அவள் மருந்து சொல்லவில்லை, நோயைச் சொன்னாள். வரிசை மாறவே இல்லை என்பதுதான் நோய். மருந்து மூலையிலேயே இருந்தது, கண்ணாடிக் கூட்டுக்கு அடியில். அங்கே போகிறவர் கைக்கு உடனே எதுவும் கிடைக்காததால் நசீமா உட்பட ஒருவரும் போகவில்லை. பூங்கோதை முரசுக்குப் பக்கத்தில் ஒரு நெல் மூட்டையை வரைந்தாள். “இன்னொரு ஆட்டம்!” என்றாள். இரண்டாவது சுற்றிலேயே மூன்று கைகளும் அந்த மூலைக்குப் பாய்ந்தன. “முதல்ல உங்க கூட்டை எடுங்க சார்!” என்று கத்தினாள் ரஞ்சிதம். அந்த ஆட்டம் முடியும்வரை டீ போட யாரும் எழுந்திருக்கவில்லை.