மாதம் மும்மாரி பொழிகிறதா?

முன்னொரு காலத்தில், மூன்று வருஷமாய் மழை எட்டிப் பார்க்காத ஒரு நாட்டில், நாடு செழிப்பாக இருக்கிறதென்றே நம்பிக்கொண்டிருந்தார் ஒரு ராசா. அரண்மனைக் கிணறு வற்றவில்லை. தினம் காலையில் பிரதானி தாண்டவராயர் வந்து, "குறையொன்றுமில்லை, பிரபு" என்பார். அதோடு சரி. களஞ்சியச் சாவி பிரதானியின் இடுப்பில் கிடந்தது.

ஒருநாள் ராசாவுக்கு ஆசை பிறந்தது.

"கூத்தில் ராசா வேஷம் நாமே கட்டுவோம். வெயிலில் கிரீடம் மின்ன வேண்டும், பட்டப்பகலில் ஆடுவோம். சடையா, நீதான் கட்டியங்காரன்."

சடையன் அரண்மனை விகடன். போன மாதம்தான் தம்பியைப் புதைத்துவிட்டு வந்திருந்தான். பசிதான் காரணம். கூத்திலே அதைச் சொல்லிவிடலாமென்று ஒரு கணம் நினைத்தான். அவன் முகத்தைப் பிரதானி பார்த்துவிட்டார்.

"பிரபு, இவன் வாய் சும்மா இராது. ஏட்டிலுள்ள வசனத்தில் ஓர் எழுத்து மாறினாலும் நாக்கை அறுக்க உத்தரவாக வேண்டும்."

"ஆகட்டும்."

"ஓர் எழுத்தும் மாறாது, சாமி" என்றான் சடையன்.

கூத்தில் ராசா முதலில் திரைக்குப் பின்னால்தான் நிற்பார். இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். உள்ளேயிருந்து கேள்வி வரும். வெளியே கட்டியங்காரன் பதில் சொல்வான்.

"கட்டியங்காரா! நம் நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?"

சடையன் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினான். புழுதியாய்ப் பறந்தது.

"பொழிகிறது, மகாராசா!"

"ஆமாய்யா, நேத்துக்கூட நனைஞ்சு போயிட்டேன்" என்றான் கூட்டத்தில் ஒருத்தன். சனம் சிரித்தது. உள்ளே ராசாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"வயல்கள் விளைகின்றனவா?"

"விளைகின்றன, மகாராசா!"

சிரிப்பு குறைந்தது.

"குடிகள் வயிறார உண்கிறார்களா?"

சடையனுக்குத் தம்பி நினைவு வந்தது. எழுத்து மாறக்கூடாது.

"வயிறார உண்கிறார்கள், மகாராசா."

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி வாய்விட்டு அழுதாள். பிறகு கூட்டமே அழுதது.

"நல்ல வசனம்தானே, ஏன் அழுகிறார்கள்?" என்று ராசா திரையை இழுத்துப் போட்டார். பட்டப்பகல் வெயிலில் விலா எலும்புகளாய் உட்கார்ந்திருந்தது அவர் நாடு.

"கேலி செய்துவிட்டான், பிரபு! நாக்கை அறுக்க வேண்டும்!"

"எந்த எழுத்து மாறியது, பிரதானி?"

பிரதானி ஏட்டைப் புரட்டினார். ஓர் எழுத்தும் மாறவில்லை.

"தினமும் பிரதானியார் சபையில் சொல்கிற பதில்தான், சாமி" என்றான் சடையன். "அங்கே கேட்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. இங்கே கேட்டவர்களுக்கு எல்லாம் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்."

ராசா சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. பிரதானியின் இடுப்புச் சாவியை உருவிச் சடையன் கையில் வைத்தார்.

"வேறென்ன வேண்டும், கேள்."

"ஏட்டில் ஒரு பதிலை மாற்ற அனுமதி, சாமி."

அதிலிருந்து அந்நாட்டுக் கூத்தில் மும்மாரி கேள்வி வந்தால், "திரையை விட்டு வெளியே வந்து பாரும், மகாராசா" என்றுதான் பதில்.

களஞ்சியம் அன்றைக்கே திறந்தது. சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுச் சடையனும் வரிசையில் நின்றான். பழக்கத்தில் தம்பியுடையதையும் சேர்த்து இரண்டு கலயம் கொண்டுவந்திருந்தான். தன் முறை வந்ததும் ஒன்றை மட்டும் நீட்டினான்.