பரணுக்குக் கீழே உப்பு

உப்பு வியாபாரி பிச்சாண்டிக்குத் தலை நரைத்த பிறகு ஓர் ஆசான் வாய்த்தாள். பெயர் வெள்ளச்சி. அவர் வயதில் பாதிகூட இருக்காது. அந்த மலையில் பரண் ஏறி வில் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று ஆண்களே ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களே ஒத்துக்கொண்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்பு விற்கிற மனுஷனுக்கு வில் எதற்கு? எல்லாம் கல்யாண ஆசைதான்.

வெள்ளச்சிக்கு ஓர் அக்கா, செவத்தாள். புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். பிச்சாண்டியும் மனைவியை இழந்தவர். கழுதைமேல் மூட்டை ஏற்றிக்கொண்டு வருஷக்கணக்காக மலைக்கு வந்து போனவர், செவத்தாள் வாசலில் மட்டும் படியைக் குவித்து அளந்தார். ஊருக்குப் புரிந்துவிட்டது. செவத்தாளுக்கும் புரிந்தது. அவளுக்கும் மனசிருந்தது.

ஆனால் கீழ்நாட்டு ஆள் மலையில் பெண் கட்ட வேண்டுமென்றால் அதற்கொரு முறை உண்டு. பரண் ஏறி உட்கார்ந்து, தன் கை அம்பால் ஒரு மானை அடித்து, ஊருக்குச் சோறு போட வேண்டும். முதல் மழை விழுந்துவிட்டால் வில்லைக் கட்டி வைத்துவிடுவார்கள். அதற்குள் மான் அடிக்கவில்லையா, அந்தக் கல்யாணப் பேச்சை அப்புறம் எவரும் எடுக்கக் கூடாது. அடுத்த வருஷம் என்பதெல்லாம் கிடையாது.

முதல் நாளே வெள்ளச்சி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"தரையில நீங்க எனக்கு மாமா. மரத்துமேல நான் உனக்கு ஆசான். சரியா?"

"சரி புள்ள."

"ஏணியில கால் வச்சாச்சு. இன்னும் என்ன புள்ள?"

"சரி, ஆசானே."

அந்த வேங்கை மரத்துப் பரண்தான் ஊரிலேயே நல்ல பரண். கீழே ஓடை. தண்ணீருக்கு வருகிற மான் அந்த மரத்தடியைத் தாண்டாமல் போகாது. ஆனால் பிச்சாண்டி ஏறினால் மட்டும் ஒன்றும் வராது. மனுஷனுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. சந்தையில் கூவிக் கூவிப் பழகிய தொண்டை, செருமும். கால் மரத்துப் போனால், "அம்மாடி" என்பார். ஒரு தடவை வந்த மானைப் பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு அழகு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். மான் போன திசையைப் பார்த்துக்கொண்டு வெள்ளச்சி நெடுநேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

தப்பித் தவறி ஒன்று வந்து, எய்தாலும், அம்பு மானின் முதுகுக்கு மேலே போகும்.

"மேலேருந்து எய்யுறப்போ அம்பு தூக்கிப் போகும். நெஞ்சுக்குக் கீழே பாரு, முதுகைப் பார்க்காதேன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"கீழேதான் பார்த்தேன், ஆசானே."

"பார்த்த. அந்த அம்பு இப்போ பக்கத்து ஊர்ல பொண்ணு பார்த்துட்டிருக்கும்."

இப்படியே வெயில் காலம் கழிந்தது. மேற்கே மேகம் கட்டியது. செவத்தாள் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தாள் என்றால், மானைப் பற்றிக் கேட்கமாட்டாள். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்பாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை. அவளை விட்டுவிட்டு வெறும் கழுதையோடு மலை இறங்குவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒரு நாள் விடியற்காலை, வானம் இருண்டு கிடந்தது. இன்று சாயங்காலத்துக்குள் மழை வந்துவிடும் என்று ஊரே சொன்னது. இருவரும் பரண் ஏறினார்கள். பிச்சாண்டி அன்று செருமவில்லை. கால் மாற்றி உட்காரவில்லை. வெள்ளச்சிக்கே ஆச்சரியம்.

வெளிச்சம் வந்ததும் ஒரு பெட்டைக் கடமான் குட்டியோடு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. கடைசியாக, கொம்பு விரிந்த ஒரு பெரிய ஆண் மான். எல்லாம் நேராக வேங்கை மரத்தடிக்கு வந்து ஒரே இடத்தில் குனிந்தன. காது சிலிர்க்கவில்லை. வால் தூக்கவில்லை. பட்டியில் கட்டிய மாடு மாதிரி நின்று மண்ணை நக்கின.

பிச்சாண்டி நாணை இழுத்தார். நெஞ்சுக்குக் கீழேதான் பார்த்தார். இந்த முறை தப்ப வழியே இல்லை.

வெள்ளச்சி அம்பின்மேல் கை வைத்தாள்.

"என்ன போட்டிருக்க கீழே?"

அவர் மானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"உப்பு" என்றார். "கல்லுப்பு. எனக்கு வில்லு வரலை, ஆசானே. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். போன மாசத்திலேருந்து உனக்குத் தெரியாம போட்டுட்டு வர்றேன்."

வெள்ளச்சிக்கு வந்த கோபத்துக்கு அவரை அப்படியே கீழே தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு உங்க ஊர்ல சொல்லுவீங்க இல்ல?"

"ஆமா."

"தின்னவனுக்குச் சொல்றது அது. எங்க மலையில போட்டவனுக்கும் முறை இருக்கு. எந்த இடத்துல உப்புப் போட்டானோ, அந்த இடத்துல அவன் மட்டுமில்ல, எவனும் அம்பு விடக் கூடாது. உன்னை நம்பித் தின்னுச்சு. அது இரை இல்ல, விருந்தாளி."

பிச்சாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னிக்கு மானை விட்டா உங்க அக்கா எனக்கு இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும்."

"இங்க நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரும் இல்லையே, ஆசானே."

வெள்ளச்சி அம்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அப்போ அம்பை விடு. நான் ஊர்ல வாயைத் திறக்கமாட்டேன். என் அக்கா நல்லா இருக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிச்சாண்டி மறுபடி நாணை இழுத்தார். பெரிய மான் தரையை நக்கி முடித்துவிட்டு, மரத்தை ஒட்டி வந்து வேரை நக்கியது. அவர் உப்பு மூட்டையைச் சாய்த்து வைக்கிற வேர். பிறகு நிமிர்ந்து அவரையே பார்த்தது. இத்தனை நாள் அவர் வாடை பட்டாலே பறந்து போன சாதி. இன்று அந்த வாடைக்குப் பழகிப்போயிருந்தது.

"ஓடேன்" என்றார் பிச்சாண்டி, உதட்டுக்குள்ளே. "ஏ, ஓடித் தொலையேன். ஓடினா அடிச்சிடுவேன்."

மான் ஓடவில்லை. அவர் செருமிப் பார்த்தார். அதற்கும் ஓடவில்லை.

நாண் தளர்ந்தது. வில்லை மடியில் போட்டுக்கொண்டு மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகைச் சத்தத்துக்கும் அவை போகவில்லை. வயிறு நிறைந்த பிறகு, தங்கள் பாட்டுக்கு ஓடைப் பக்கம் இறங்கின.

திரும்பும்போதே தூறல் விழுந்தது. முதல் மழை.

"ஊர்ல என்ன புள்ள சொல்றது?" என்று கேட்டார்.

"மான் வரலைன்னு சொல்லுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

கொஞ்ச தூரம் நடந்தார். நின்றார்.

"அப்படிச் சொன்னா, அடுத்த வருஷம் வேற எவனாவது அதே பரண்ல ஏறி உட்காருவானே. அதுக பாட்டுக்கு வந்து நிக்குமே."

வெள்ளச்சி முன்னால் நடந்தாள்.

ஊராளி, அதாவது அந்த ஊர்ப் பெரியவர், மழைக்கு ஒதுங்கி மந்தைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். ஊரும் கூடியிருந்தது. செவத்தாள் ஓர் ஓரமாக நின்றாள். பிச்சாண்டி வெறுங்கையோடு நடுவில் போய் நின்று, உப்புப் போட்டதை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சத்தம் கிளம்பிவிட்டது. பாட்டன் காலத்துப் பரண் பாழாய்ப் போச்சே என்றார்கள். உப்பு வியாபாரியை வில்லெடுக்க விட்டால் இப்படித்தான் என்றார்கள். தலையை நிமிர்த்தவே அவருக்குத் தைரியம் இல்லை. ஒரு தடவை மெல்லப் பார்த்தார். ஓரத்தில் செவத்தாளைக் காணோம். போய்விட்டாள்.

அவருக்கு அதோடு எல்லாம் முடிந்த மாதிரி ஆகிவிட்டது.

ஊராளி கையைத் தூக்கிச் சத்தத்தை அடக்கினார்.

"அங்க வில்லெடுக்கக் கூடாதுன்னு வெள்ளச்சி சொல்லியிருப்பா. மிச்சத்தைச் சொன்னாளா?"

"மிச்சமா?"

"போட ஆரம்பிச்சவன் நிறுத்தவும் கூடாதுப்பா. ருசி கண்ட வாய் தேடிக்கிட்டு வரும். வந்து ஏமாந்து நிக்கக் கூடாது. உன் உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும், மழையானாலும் பனியானாலும், மாசாமாசம் அந்த மரத்தடியில நீதான் உப்புப் போடணும். ஆளை அனுப்பக் கூடாது."

"மழைக்காலத்துல கழுதைப் பாதையே இருக்காதே, ஊராளி. கீழேருந்து நான் எப்படி ஏறி வருவேன்?"

"வர முடியாது. அதனால நீ இறங்கவும் முடியாது."

"அப்போ எங்க இருப்பான்? மலையில இவனுக்கு வீடு ஏது?" என்று யாரோ கேட்டார்கள். "மான் சோறு போடாதவனுக்குப் பொண்ணும் கிடையாதே?"

ஊராளி அந்தப் பக்கம் திரும்பினார்.

"ஒரு நாள் சோத்துக்கு ஒரு மான். இவன் போடப் போறது ஆயுசுக்கும் உப்பு. மான் சோத்துக்கு அது ஈடுன்னு முறையிலேயே இருக்கு. எது பெருசுன்னு உன் பொண்டாட்டியைப் போய்க் கேட்டுட்டு வா" என்றார். கூட்டத்தில் பெண்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு ஆண்களும் சிரித்தார்கள்.

பிச்சாண்டிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "செவத்தா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளே" என்றார்.

"கோவமா?" என்றாள் வெள்ளச்சி. "நீங்க உப்புப் போட்டேன்னு வாயைத் திறந்ததுமே வீடு பெருக்கப் போயிட்டா. மலையில பொறந்தவளுக்கு மிச்சம் தெரியாதா?"

மழை வலுத்தது. செவத்தாள் வீட்டுக் கூரையிலிருந்து அடுப்புப் புகை கிளம்புவது கொட்டகையிலிருந்தே தெரிந்தது. பிச்சாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் தெளிந்த பிறகு, மச்சினிச்சி பக்கம் திரும்பினார்.

"ஏன் புள்ள, மிச்சத்தையும் மரத்துமேலயே சொல்லித் தொலைச்சிருந்தா, நான் இப்படிச் செத்துப் பொழைச்சிருக்க மாட்டேனே?"

"சொல்லியிருந்தா, நீங்க வில்லை இறக்கினது மானுக்காகவா, அக்காவுக்காகவான்னு எனக்கு எப்படி மாமா தெரியும்?"