நரி தொடாத இலுப்பைக் கள்

இலுப்பை மரங்கள் அடர்ந்த காடு ஒன்றில், குழந்தைகளே, ஒரு நரி தன் மனைவியோடும் குட்டிகளோடும் வாழ்ந்து வந்தது. அதன் குகைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாறைக்குழி இருந்தது. கோடை மழைத் தண்ணீர் தேங்கிய அந்தக் குழியில் இலுப்பைப் பூக்கள் உதிர்ந்து, ஊறி, புளித்துக் கள்ளாகிவிட்டன.

நரி அதை ஒரு வாய் குடித்துப் பார்த்தது. தலை சுற்றியது. குடல் எரிந்தது. நாள் முழுவதும் வாந்தி எடுத்துப் படுத்துக் கிடந்தது. அதன் பிறகு அந்தக் கள்ளை அது தொடவே இல்லை. ஆனால் அது கெட்டது என்று வெளியில் யாரிடமும் சொல்லவும் இல்லை. கல்லும் மண்ணும் சேர்த்துக் குழியின் கரையை உயர்த்திவிட்டு, ஆள் வருவதற்காகக் காத்திருந்தது.

வேங்கன் என்ற கரடி அந்த வழியாக வந்தது. அந்தக் காட்டில் அதைப் போலப் பலசாலி கிடையாது. எவ்வளவு உயரமான மரத்திலும் ஏறித் தேன் எடுத்துவிடும். ஆனால் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும்.

"வேங்கண்ணே, நாளெல்லாம் மரம் ஏறுகிறீர்களே, உடம்பு வலிக்காதா? இதில் கொஞ்சம் குடியுங்கள். அலுப்பெல்லாம் பறந்துவிடும்" என்றது நரி.

கரடி குடித்தது. அலுப்புப் போனது போலத்தான் இருந்தது. மறுநாள் நரி கேட்டபடி ஒரு தேனடையைக் கொடுத்துவிட்டு மறுபடியும் குடித்தது. காட்டுப்பன்றி ஒன்றும் கூடச் சேர்ந்துகொண்டது. வீட்டுக்குப் போக வேண்டிய தேனெல்லாம் நரியின் குகைக்குப் போயிற்று. போகப் போக, விடிந்ததும் குடிக்காவிட்டால் வேங்கனுக்குக் கைகால் நடுங்கத் தொடங்கியது. அதன் கண்கள் மஞ்சளாயின. வயிறு பானை போல வீங்கியது. ஒரு நாள் பாதி மரத்தில் பிடி நழுவிக் கீழே விழுந்தது.

"அதைத் தொடாதீர்கள். சுனைத் தண்ணீரில் உங்கள் கண்ணைப் பாருங்கள், கொன்றைப் பூ நிறத்தில் இருக்கிறது" என்றது அதன் மனைவி காயா.

"என் உடம்புக்கு ஒன்றும் ஆகாது" என்றது வேங்கன்.

காயா நரியிடம் போனது. "இனிமேல் அவருக்குக் கொடுக்காதீர்கள்."

"நானா அவர் வாயில் ஊற்றுகிறேன்? கேட்கிறார், கொடுக்கிறேன். அளவு தெரியாமல் குடித்தால் அது அவர் குற்றம்" என்றது நரி.

சில நாளில் வேங்கன் இரத்த வாந்தி எடுத்தது. "விட்டுவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன், காயா. முடியவில்லை" என்றது. அன்று பொழுது சாய்வதற்குள் இறந்துபோனது.

காயா அதைப் புதைத்து முடித்ததும், காட்டு விலங்குகள் எல்லாம் துக்கம் விசாரிக்க வந்தன. நரியும் வந்தது. சும்மா வரவில்லை. ஒரு சுரைக்குடுக்கை நிறையக் கள்ளோடு வந்தது.

"மனசு கனத்துக் கிடக்கும். எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் குடியுங்கள்" என்றது.

காயா எழுந்து நின்றது. "முதலில் நீங்கள் குடியுங்கள்."

"எனக்கு... அது ஒத்துக்கொள்ளாது."

"என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒத்துக்கொண்டதா?" என்று கேட்டுவிட்டு, காயா பாறைக்குழியை நோக்கி நடந்தது. விலங்குகள் பின்தொடர்ந்தன.

நரியின் குகைக்கும் குழிக்கும் நடுவே ஈச்ச முள்ளால் நெருக்கமாக வேலி போட்டிருந்தது. குகை வாசலில் நரியின் மனைவி குட்டிகளோடு நின்றது.

"இந்த வேலி எதற்கு?" என்று காயா கேட்டது.

நடந்தது எதுவும் அறியாத பெண்நரி சொன்னது: "குட்டிகள் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்று அவர்தான் போட்டார். ஒரு வாய் குடித்தாலே குடல் வெந்துவிடுமாம்."

விலங்குகள் எல்லாம் நரியைத் திரும்பிப் பார்த்தன.

"உன் குட்டிகளுக்கு முள்வேலி. எங்களுக்கு மட்டும் குடுக்கையா? தெரிந்தேதானே கொடுத்தாய்? என் கையால் புதைத்துவிட்டு வந்திருக்கிறேனே, அவர் உனக்கு என்ன கெடுதல் செய்தார்?" என்று காயா கேட்டது.

மான்கள் கொம்பைத் தாழ்த்தின. நரி ஓட ஆரம்பித்தது. காட்டின் எல்லை தாண்டும் வரை அவை விடவில்லை.

குழியருகே காயாவோடு காட்டுப்பன்றி மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதன் கால்கள் நடுங்கின. கண்ணில் மஞ்சள் படரத் தொடங்கியிருந்தது. கள்ளின் வாசனைக்கு அதன் மூக்கு தானாகவே நீண்டது.

"நாளை விடிந்தால் எனக்கு இது வேண்டும் என்று இருக்கும், காயா. அப்போது இது இங்கே இருக்கக் கூடாது" என்று சொல்லி, பன்றி தன் மூக்காலேயே கரையின் முதல் கல்லைப் பெயர்த்துத் தள்ளியது.

நீதி: மிதமிஞ்சிய குடி எவ்வளவு பெரிய பலசாலியின் உடம்பையும் உள்ளேயிருந்து அழிக்கும், தன் பிள்ளைக்குக் கொடுக்கத் துணியாததைப் பிறருக்குக் கொடுப்பவன் அதனால் வரும் சாவுக்குப் பொறுப்பாளி.