உப்புப் பார்த்த மணியக்காரர்

எல்லாரும் உட்கார்ந்தாச்சா? குறுக்கே பேசினால் நிறுத்திவிடுவேன். அப்புறம் கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன். ம், கேளுங்கள்.

ஒரு காலத்தில் கடலோரமாக ஒரு ஊர். அந்த ஊரில் ஒரு புருஷன், ஒரு பொண்டாட்டி. அவன் பேர் கொம்பையா, அவள் பேர் பேச்சி. பிள்ளைகுட்டி கிடையாது, மாமியார் நாத்தனார் கிடையாது, ரெண்டே ரெண்டு பேர். சோறு பொங்க ஒரு சின்னப் பானை, குழம்பு வைக்க ஒரு சின்னச் சட்டி. மூணாவது ஆளுக்கு அந்த வீட்டில் தட்டுகூட இல்லை. கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கி, காளவாசலில் போட்டுச் சுட்டு, சுண்ணாம்பாக்கி விற்பதுதான் பிழைப்பு. வாரம் முழுக்க நெருப்பு, வாரம் முழுக்கப் புகை, வாரம் முழுக்கக் கண்ணெரிச்சல். வீட்டுக்கு வந்தால் கஞ்சியைக் குடித்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் விழுந்து கிடப்பார்கள். பேசக்கூடத் தெம்பு இருக்காது.

ஆனால் சனிக்கிழமை மட்டும் அந்த ஊரில் காளவாசலுக்கு நெருப்பு வைக்க மாட்டார்கள். அது ஊர் வழக்கம். அன்றைக்குப் பேச்சி நல்லெண்ணெயைக் காய்ச்சி, புருஷன் தலையில் வைத்துத் தப்புத் தப்பென்று தட்டுவாள். அவன், "ஏ பேச்சி, தலையா தேங்காயா?" என்பான். அவள், "தேங்காய்னா உள்ள ஏதாவது இருக்குமே" என்பாள். அப்புறம் வெந்நீர்க் குளியல். அப்புறம் அவன் அம்மியில் உட்கார்ந்து தேங்காயும் மிளகாயும் வெண்ணெய் மாதிரி அரைத்துக் கொடுப்பான், அவள் விளமீனைக் கழுவி, மாங்காய் நறுக்கிப் போட்டுக் குழம்பு வைப்பாள்.

அடுப்பில் நிற்கிறவள் வாயில் வைத்து ருசி பார்க்கக் கூடாது, எச்சில் ஆகிவிடும் என்பது அவள் அம்மா வீட்டுப் பழக்கம். அதனால் குழம்பு கொதிக்கும்போது அகப்பையில் ஒரு சொட்டு எடுத்து, ஊதி ஊதி ஆற்றி, அவன் உள்ளங்கையில் விடுவாள். அவன் நக்கிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, பெரிய பண்டிதன் மாதிரி யோசிப்பான். "சொல்லுங்களேன், குழம்பு தீயுது!" என்பாள். "இன்னும் ஒரு கல்லு உப்பு" என்பான். அப்புறம் ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் சாப்பிடுவார்கள். புருஷனுக்குச் சமமாகப் பொண்டாட்டி உட்கார்ந்து தின்கிறாளே என்று ஊரில் சிரிப்பார்கள்தான். சிரிக்கட்டுமே, இவர்கள் என்ன ஊரார் வீட்டுச் சோற்றையா தின்றார்கள்? கடைசியில் சட்டியில் ஒரு பிடி சோற்றைப் போட்டுப் பிரட்டி, உருட்டி, அவள் கையில் ஒரு உருண்டை, அவன் கையில் ஒரு உருண்டை. வாரம் முழுக்கப் புகையைத் தின்றது அந்த உருண்டையில் மறந்துபோகும்.

இப்படி இருக்கும்போது, அந்த நாட்டு ராஜாவின் அரண்மனையில் ஒரு மணியக்காரர் இருந்தார். சமையல்கட்டுக்கு அவர்தான் அதிகாரம். பெரிய தலைப்பாகை, அதைவிடப் பெரிய தொந்தி. ஒரு சனிக்கிழமை அந்த வழியாகக் குதிரையில் போனவர் மூக்கில் குழம்பு வாசனை ஏறிவிட்டது. இறங்கி வாசலில் நின்று, "ஏலே, யாரு உள்ள? ஊர்ல எவன் என்ன சமைக்கிறான்னு ருசி பாக்கச் சொல்லி ராஜா உத்தரவு. ஒரு அகப்பை ஊத்து" என்றார். உத்தரவாவது ஒன்றாவது! சுத்தப் பொய். இவர்களுக்கு அது தெரியாதே. வந்த ஆளை எப்படி விடுவது என்று பேச்சி இலை போட்டாள். ஒரு அகப்பை கேட்டவர் பாதிச் சட்டியைத் தின்றுவிட்டு, "உப்பு கொஞ்சம் கூட" என்று குறை சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். மீன்தலையும் ஒரு மாங்காய்த் துண்டும்தான் மிச்சம். "புளி கொஞ்சம் கூட" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். இந்தத் தடவை வாழையிலையைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். மீனைத் தின்றார், தலையைத் தின்றார், அப்புறம் சட்டியை இழுத்து வைத்து, சோற்றைப் போட்டுப் பிரட்டி வழித்து, அந்தக் கடைசி உருண்டையையும் வாயில் போட்டுக்கொண்டு, "காரம் கொஞ்சம் கூட" என்றாரே!

இப்படி ஆள் எல்லா ஊரிலும் உண்டு. நம்ம தெருவிலும் உண்டு. என் வீட்டு விசேஷத்துக்கு வந்து, பாயசத்தைக் குறை சொல்லிக்கொண்டே மூணு தடவை வாங்கிக் குடித்தவர். பேர் வேண்டாம். மஞ்சள் பெயின்ட் அடித்த வீடு.

அன்றைக்கு ரெண்டு பேரும் வெறும் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டார்கள். "போகட்டும் விடுங்க, பசிச்சு வந்திருப்பாரு" என்றாள் பேச்சி.

"மீனைத் தின்னதைக்கூட விட்டுருவேன். சட்டியை வழிச்சான் பாரு, அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றான் கொம்பையா. மறக்கவே கூடாது. நானாக இருந்தாலும் மறக்க மாட்டேன்.

அங்கே அரண்மனையில் ராஜாவுக்குப் பசியே எடுக்கவில்லை. பொரியலா, வேண்டாம். பிரியாணியா, வேண்டாம். பால்கோவாவா, வேண்டவே வேண்டாம். ராஜா மணியக்காரரைக் கூப்பிட்டு, "வர சனிக்கிழமை என் நாக்குக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு வரலேன்னா உன் தலைப்பாகையைக் கழட்டிருவேன்" என்று சொல்லிவிட்டார். மணியக்காரருக்கு உடனே அந்தச் சட்டி ஞாபகம் வந்தது. சனிக்கிழமை விடிந்ததும் ரெண்டு சேவகர்களோடு கொம்பையா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏ பொம்பளை, கிளம்பு. அரண்மனையில வந்து அந்தக் குழம்பை வை."

"நாங்க ரெண்டு பேரும் வர்றோம் ஐயா. அரைக்கிறதும் உப்புப் பாக்கிறதும் அவருதான்" என்றாள் பேச்சி.

"அரண்மனையில அரைக்க ஆள் இல்லையா? அவன் எதுக்கு? ராஜாவுக்குப் பிடிச்சுட்டா நீ அங்கேயே இருக்க வேண்டியதுதான். பொங்கலுக்கு வேணா இவனை வந்து பாத்துட்டுப் போ. பிடிக்கலேன்னா உங்க காளவாசலை இடிச்சுத் தரைமட்டமாக்கிருவேன்."

பேச்சி சட்டியை எடுக்கிற சாக்கில் உள்ளே போனாள். கொம்பையாவும் பின்னாலேயே போனான். "மோசமா வச்சிரு பேச்சி" என்றான்.

"மோசமா வச்சா காளவாசல் போயிருமே."

"நல்லா வச்சா நீ போயிருவியே!"

அவள் கண் நிறைந்துவிட்டது. "என் கைக்கு மோசமா வைக்கவும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

கொம்பையா கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தான், கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தான், கொஞ்ச நேரம் அம்மியைப் பார்த்தான். அப்புறம் என்ன செய்தான் தெரியுமா? அம்மியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அரண்மனைக்கு நடந்தான்! சிரிக்காதே. அம்மி என்ன கனம் கனக்கும் தெரியுமா உனக்கு? மிக்ஸியைத் தவிர என்ன பார்த்திருக்கிறாய் நீ?

வாசல் காவல்காரன் கேட்டான்: "என்னவே, அரண்மனைக்கு அம்மி கொத்த வந்தீரா?"

"என் பொண்டாட்டி உள்ள இருக்கா."

"இருந்தா?"

"அரைக்கிறது நானு."

காவல்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளேயும் விடவில்லை. கொம்பையா அம்மியை இறக்கி வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே, அண்டா அண்டாவாக வேகிற சமையல்கட்டில், பேச்சி ஒரு மூலையில் தன் சின்னச் சட்டியை ஏற்றினாள். அவளுக்கு ரெண்டு பேருக்கு வைத்துத்தானே பழக்கம்! யாரோ அரைத்துக் கொடுத்தார்கள். குழம்பு கொதித்தது. வழக்கம்போல அகப்பையில் ஒரு சொட்டு எடுத்து, ஊதி ஊதி ஆற்றி, பக்கத்தில் திரும்பினாள். புருஷன் நிற்கிற இடத்தில் மணியக்காரர் நிற்கிறார். என்ன செய்வாள்?

"ஐயா, கையை நீட்டுங்க. உப்புப் பாத்துச் சொல்லுங்க."

மணியக்காரர் நக்கினார். நக்கியதும் அவர் கண் சொருகிவிட்டது. "நாக்குல படறதுக்கு முன்னாடியே உள்ள போயிருச்சு. இன்னொரு சொட்டு விடு" என்றார்.

விட்டாள். "உப்பு சரிதான்னு தோணுது. புளியைப் பாக்க வேண்டாமா?"

விட்டாள். "புளி சரி. காரம்?"

விட்டாள். விட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு மெல்லச் சிரிப்பு வந்தது. நல்ல குழம்பு வைத்தாகிவிட்டது. அது ராஜாவிடம் போனால்தானே ஆபத்து?

"ஐயா, மீன் வெந்திருச்சான்னு பாக்க வேண்டாமா? ராஜா தொண்டையில முள்ளு மாட்டிரப் போகுது."

"ஆமாமா, அது முக்கியம்."

"மாங்காயில காரம் இறங்கியிருக்கா?"

"கொண்டா, கொண்டா."

"தலையில ருசி எப்படியோ?"

"ராஜாவுக்குப் போறதை நல்லாப் பாத்துத்தானே அனுப்பணும்?"

வெளியே ராஜா பந்தியில் உட்கார்ந்திருந்தார். வாசனை வந்துகொண்டே இருக்கிறது, குழம்பு வரவே இல்லை. "வந்துதா?" என்று கேட்டார். இல்லை. "வந்துதா?" இல்லை. "வந்துதா?" இல்லவே இல்லை. மாதக்கணக்காகப் பசிக்காத ராஜாவுக்கு அன்றைக்கு வயிறு கூப்பாடு போட்டது. எழுந்து நேராகச் சமையல்கட்டுக்கே வந்துவிட்டார். சட்டி பளபளவென்று காலி.

மணியக்காரர் விழித்தார். விழித்துவிட்டு, "மகாராஜா, இந்தப் பொம்பளை அவ்வளவையும் தின்னுட்டா!" என்று வாய் கூசாமல் சொன்னார். பழியைத் தூக்கிப் பொம்பளை மேலே போடுவது! எனக்கு இதைச் சொல்லும்போதே ஆத்திரமாக வருகிறது.

 பேச்சி வாயைத் திறக்க வேண்டியே வரவில்லை. அரண்மனைப் பூனை ஒன்று எங்கிருந்தோ வந்தது. பேச்சியை மோந்து பார்த்துவிட்டுத் தாண்டிப் போய், மணியக்காரர் உள்ளங்கையை நக்க ஆரம்பித்தது. ரெண்டாவது பூனை வந்து முழங்கையை நக்கியது. மூணாவது பூனை அவர் தொந்தியில் ஏறி, மேலே சிந்தியிருந்ததை நக்கியது. சமையல்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"உப்பு எப்படி இருந்துது மணியம்?" என்றார் ராஜா.

"சரியா இருந்துது மகாராஜா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா பேச்சியிடம், "அம்மா, பசி தாங்கலை. இன்னொரு சட்டி வை" என்றார்.

"வைக்கிறேன் மகாராஜா. எங்க வீட்டுக்காரர் வந்தா வைக்கிறேன்."

"அவரு எங்க?"

ராஜா பின்னாலேயே வந்திருந்த ஒரு சேவகன் சொன்னான்: "வாசல்ல அம்மி மேல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு. அவரா இருக்குமோ?"

பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொம்பையா வந்தான். "எதுக்கு இந்தக் கல்லைச் சுமந்துட்டு வந்தீங்க?" என்று எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினாள். "நீ மட்டும் சட்டியைச் சுமக்கலியா?" என்றான் அவன். அரைத்தான். வைத்தாள். ஒரு சொட்டு கையில் விட்டாள். அவன் கண்ணை மூடி யோசித்தான். ராஜா, "யோவ், சீக்கிரம் சொல்லுமய்யா!" என்று கத்தியேவிட்டார். "இன்னும் ஒரு கல்லு" என்றான்.

ராஜா சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, "ரெண்டு பேரும் இங்கேயே இருந்துருங்க. வீடு தர்றேன், மாடு தர்றேன், வேண்டியதெல்லாம் தர்றேன்" என்றார்.

கொம்பையா கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "மகாராஜா, இங்க வந்தா இது சோலியாயிரும். சோலிதான் எங்களுக்கு வாரம் பூரா இருக்கே. சனிக்கிழமையை எங்களுக்கே விட்டுருங்க."

ராஜா அவர்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் இருந்தது, அப்படி ஒரு சனிக்கிழமை மட்டும் இல்லை. "சரி, விட்டேன்" என்றார். "இந்த மணியத்தை என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்க."

"பாவம், விட்டுருங்க" என்றாள் பேச்சி.

"விட்டுராதீங்க" என்றான் கொம்பையா.

ராஜா கொம்பையா பேச்சைத்தான் கேட்டார். தலைப்பாகை போயிற்று. மணியக்காரர் வாரம் முழுக்கக் காளவாசலில் கிளிஞ்சல் சுமக்க வேண்டியது, சனிக்கிழமை அவர்கள் வீட்டு வேலியோரம் நின்று வேறு யாரும் உள்ளே போகாமல் காவல் காக்க வேண்டியது. அதுதான் தீர்ப்பு. சுமந்தார். காத்தார். காற்று அவர் பக்கமாக அடிக்கும்போதெல்லாம் எச்சிலை விழுங்கினார். தொந்தி கரைந்தது, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

இப்படியே ஒரு வருஷம் போனது. ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் வாசலில் வந்து நின்று, "கொம்பையா அண்ணே, புத்தி வந்துருச்சு. என்னை மன்னிச்சிருங்க" என்று அழுதார். முன்னே 'ஏலே' என்றவர், இப்போது 'அண்ணே'.

கொம்பையா சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தான். "அழாதேய்யா. மன்னிச்சாச்சு" என்றான்.

"நெசமாவா அண்ணே?"

"நெசமாத்தான். மனசுல ஒண்ணும் இல்லை."

மணியக்காரர் மெதுவாக உள்ளங்கையை நீட்டினார். "அப்போ... ஒரே ஒரு சொட்டு?"

உள்ளேயிருந்து பேச்சி எட்டிப் பார்த்தாள். கொம்பையா அந்தக் கையைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், திரும்பவும் கையைப் பார்த்தான்.

"மன்னிப்பு வேற, குழம்பு வேற" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

அவ்வளவுதான். ரெண்டு பேர் சாப்பிடுகிற இடத்தில் கூப்பிடாமல் போய் உட்காரக் கூடாது. கூப்பிட்டாலும் சட்டியை வழிக்கக் கூடாது. அவர்கள் அங்கே கதவைச் சாத்தியாயிற்று, நான் இங்கே வாயைச் சாத்தியாயிற்று. எழுந்திருங்கள், போய்ப் படுங்கள்.